சின்னக் குரல்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. குரல் தேர்வுக்குப் போன இடத்தில் "சின்னக் குரல், எடுபடாது" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றாயே, அது நெஞ்சிலேயே நிற்கிறது. போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பிங் கிராஸ்பி என்று ஒரு அமெரிக்கப் பாடகர். மைக் இல்லாத காலத்தில் மேடைப் பாட்டு என்றால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும், தொண்டையைத் திறந்து கத்தியே ஆக வேண்டும். நம் ஊரில் நாடகப் பாடகர் கிட்டப்பா அப்படிப் பாடித்தான் கூட்டத்தைக் கட்டிப்போட்டார். கிராஸ்பி வந்தபோது மைக்கும் வந்துவிட்டது. அதன் பக்கத்தில் போய், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பாடினார். 1931 செப்டம்பரில் சிபிஎஸ் வானொலியில் தனி நிகழ்ச்சி, அடுத்த வருஷமே பாரமவுண்ட் படத்தில் வானொலிப் பாடகராகவே நடித்தார். காது விடைத்திருக்கிறது என்று பசை வைத்துத் தலையோடு ஒட்டி நடிக்க வைத்தார்களாம், விளக்குச் சூட்டில் பசை இளகிக் காது மறுபடி வெளியே வந்துவிட, இனி ஒட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அந்தக் காதோடுதான் 1944-ல் பாதிரியாராக நடித்து ஆஸ்கர் வாங்கினார். எனக்கு அதைவிட 1954-ல் அவர் நடித்த குடிகாரப் பாடகன் வேஷம் பெரிது. இளவயதில் குடியால் ஜெயிலுக்குப் போய், முதல் பெரிய படத்தில் தனக்கென்று வைத்திருந்த பாட்டையே இன்னொருவரிடம் பறிகொடுத்த மனுஷன், அந்த வேஷத்தை எடுக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

ஆனால் 30 வருஷம் வானொலியில் ஸ்பூல் டேப்போடு, அதாவது வட்டில் சுற்றிய ஒலிநாடாவோடு, இருந்த எனக்கு அவர் வேறு விதத்தில் சொந்தக்காரர். அவர் காலத்து அமெரிக்க வானொலியில் எல்லாம் நேரடி ஒலிபரப்பு, கிழக்குக் கரைக்கு ஒரு தரம் பாடிவிட்டு, மேற்குக் கரைக்காக மூன்று மணி நேரம் கழித்து அதையே மறுபடி பாட வேண்டும். பதிவு செய்து போடலாமே என்று கேட்டார், அப்போது அவர் பாடிக்கொண்டிருந்த என்பிசி வானொலி மறுத்தது. 1946-ல் சம்மதித்த ஏபிசி வானொலிக்குப் போய்விட்டார். முதலில் இசைத்தட்டில் பதிந்தார்கள், ஒலி மங்கிப்போனது. ஜாக் முல்லின் என்ற ராணுவப் பொறியாளர் ஜெர்மனியிலிருந்து இரண்டு டேப் கருவிகளைப் பிரித்துத் துண்டு துண்டாகத் தபாலில் ஊருக்கு அனுப்பி வைத்திருந்தார், அதில் பதிந்த ஒலியைக் கேட்டதும் கிராஸ்பி விடவில்லை. 1947-ல் டேப்பில் நிகழ்ச்சி. ஆம்பெக்ஸ் என்ற சின்னக் கம்பெனிக்கு 50,000 டாலர் கொடுத்து கருவிகளும் செய்ய வைத்தார்.

அந்த டேப்தான் எனக்கும் கை கொடுத்தது. எங்கள் நிலையத்தில் ஒருமுறை ஒரு வித்வான் பல்லவி நடுவில் இருமிவிட்டார். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்குகிற இடத்தில் மெழுகுப் பென்சிலால் கோடு போட்டு, பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டினேன். வெட்டிய துண்டு ஒரு ஜாண்கூட இல்லை. மறுநாள் கேட்டுவிட்டு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் குரலைக் கேட்டவர்கள் உன்னை மைக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிறுத்தினார்கள் என்று நீ சொல்லவே இல்லையே? ஐந்தாறு விரல்கடை தூரத்தில் நில், 'ப' வருகிற இடத்தில் முகத்தைக் கொஞ்சம் திருப்பிக்கொள், மூச்சு போய் அதில் இடிக்காது. அப்புறம், அம்மா உன்னைத் தூங்க வைக்கப் பாடுவாளே, பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காத அந்தத் தாலாட்டு, அதை அதே சத்தத்தில் பாடிப் பதிந்து ராத்திரி அனுப்பு. ஹெட்போனை எடுத்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா