ஃபார்மட் அடித்துத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

எங்கள் வீட்டு லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது என்று ஒரு கடையில் கொடுத்தோம். ஃபார்மட் அடித்து, விண்டோஸ், வேர்டு, எக்செல் எல்லாம் போட்டு மறுநாளே கொடுத்தார்கள். நன்றாகத்தான் ஓடியது. மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலையில் அப்பாவின் அறுபதாம் கல்யாணப் படங்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் புதிதாக நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபோல்டருக்கு ஃபோல்டர் ஒரு ரீட்மீ கடிதம்: 980 டாலர் கட்டு, 72 மணி நேரத்துக்குள் என்றால் 490. ஃபைல்களைப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ்களில் ஸ்டாப் என்கிற ஒன்று அது.

அண்ணன் மகன் காசு கட்டாமல் விளையாட ஏதோ ஒரு கேம் க்ராக்கை இறக்கியிருந்தான். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான் டிஃபெண்டர் அதைத் தடுத்திருக்கலாம். ஆனால் உரிமம் இல்லாமலே விண்டோஸை ஓடவைக்கும் ஆக்டிவேட்டரை ஓடவிடுவதற்காக, கடைக்காரர்கள் சி டிரைவ் முழுவதையும் எக்ஸ்க்ளூஷனில், அதாவது டிஃபெண்டர் சோதிக்காமல் விடும் பட்டியலில் போட்டு, அப்படியே விட்டுவிட்டார்கள். வாசல் கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் போனது போலத்தான். படங்கள் திரும்பக் கிடைக்கவே இல்லை.

எனக்கு இன்னும் மனசு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. அந்த ஆக்டிவேட்டருக்குத் தேவையே இருக்கவில்லை. விண்டோஸ் 8க்குப் பிறகு விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்களில் உரிமச் சாவி பெரும்பாலும் மதர்போர்டுக்குள்ளேயே பதிந்து வருகிறது. எங்களுடையது ஹோம் எடிஷன். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸைப் பென்டிரைவில் ஏற்றித் தரும் மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, அதே ஹோம் எடிஷனைப் போட்டிருந்தால் நெட் கிடைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகியிருக்கும். அதை விட்டுவிட்டு, எங்கள் சாவி பொருந்தாத ப்ரோ எடிஷனைப் போட்டு க்ராக் பண்ணியிருந்தார்கள். நாங்கள் காசு கொடுத்து வாங்கிய உரிமம் பெட்டிக்குள் சும்மா கிடந்தது.

வேர்டுக்குக் காசு இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், வேர்டு, எக்செல் வேலையையே செய்யும் லிப்ரே ஆஃபிஸ் போட்டுக் கொடுங்கள். 2010இலிருந்து இலவசமாகவே வருகிறது. "இதில் அடித்தது வேறு இடத்தில் திறக்காது" என்று பயப்படுவார்கள். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லோட்/சேவ், ஜெனரல் என்று போய், எப்போதும் வேர்டு வடிவிலேயே சேமிக்கும்படி ஒருமுறை மாற்றிவிடுங்கள், போதும்.

அப்புறம், பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு ஸ்டாண்டர்டு அக்கவுண்ட், அதாவது அட்மின் அதிகாரம் இல்லாத கணக்கு, போட்டுக் கொடுங்கள். அட்மின் பாஸ்வேர்டு பெற்றோர் கையில் இருக்கட்டும். ஃபார்மட் அடிப்பதற்கு முன் டெஸ்க்டாப்பையும் காப்பி எடுங்கள். டெஸ்க்டாப்பில் இருப்பது, ஃபார்மட் அடித்தால் அழிந்துபோகும் சி டிரைவில்தான் இருக்கிறது என்று நிறையப் பேருக்குத் தெரியாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாத பழைய மெஷின் என்றால், பிரவுசரும் வீடியோவும் மட்டும் பார்க்கிற வீட்டுக்கு, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் தாராளமாகப் போதும்.

இதற்கெல்லாம் கூடுதல் நேரம் ஆகும், தெரியும். அதற்கு இருநூறு ரூபாய் அதிகம் கேளுங்கள், காரணத்தைச் சொல்லிக் கேளுங்கள். நாங்கள் தருவோம்.

மெஷினைக் கையில் கொடுப்பதற்கு முன் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, அந்த எக்ஸ்க்ளூஷன்ஸ் பட்டியல் காலியாக இருப்பதை ஒருமுறை எங்கள் கண்ணில் காட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்