அண்ணா, அட்வான்ஸ் கட்ட வேண்டாம்

அண்ணா,

இன்று ஆடிப்பெருக்கு. திருவையாறு படித்துறையில் காப்பரிசி போட்டுவிட்டு வந்த கையோடு எழுதுகிறேன். முடிவு எடுத்துவிட்டேன், நீ பணம் கட்டுகிறேன் என்ற அந்தக் கண் லேசர் ஆபரேஷன் வேண்டாம். போனில் கத்தியதற்கு மன்னித்துக்கொள். ஆனால் நீயும் ஸ்பீக்கரில் போட்டு, அத்தனை பேர் நடுவில், "பத்து நிமிஷ வேலைக்கு ஏன் இப்படிப் பயப்படுறே" என்று கேட்டிருக்க வேண்டாம்.

உனக்கு இருந்த கண்ணாடி பவர் மைனஸ் 3. எனக்கு மைனஸ் 11, கார்னியாவின், அதாவது கண்ணின் முன்பக்கத் தெளிவான படலத்தின், கனம் 490 மைக்ரான்தான். லேசர் போட அதில் மேலே தூக்கும் மடலுக்கு 110 போக, ஒரு பவருக்குச் சுமார் 15 மைக்ரான் என்று செதுக்கினால் இன்னொரு 165 போய்விடும். மிச்சம் 215. குறைந்தது 250 வேண்டும், 300 இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் நாளடைவில் கார்னியா பிதுங்கிவிடலாம். கண்ணுக்குள்ளேயே லென்ஸ் வைக்கும் ஐசிஎல் பொருந்தும் என்றார் டாக்டர். அதில் கண் அழுத்தம் ஏறலாம், புரை சீக்கிரம் வரலாம், ஆனாலும் யோசித்தேன். எதைச் செய்தாலும், இந்த மைனஸ் பவருக்குக் காரணமான நீண்டுபோன கண் நீண்டதுதான், மெலிந்த விழித்திரை மெலிந்ததுதான். அப்பாவுக்கு விழித்திரை விலகி, பார்வையின் ஓரத்திலிருந்து திரை இறங்கியதே, அந்தப் பயம் கண்ணாடியைக் கழற்றினால் போய்விடாது.

காலையில், சின்ன வயதில் என் கண்ணாடி விழுந்த அதே படிகளில்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆடிப்பெருக்கில் நான் ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன். சப்பரம், அந்தச் சின்னத் தேரை, இழுத்துக்கொண்டு போனோம். கண்ணாடி எப்படித் தண்ணீரில் விழுந்தது என்று இங்கே எழுத மாட்டேன், அம்மாவும் படிப்பாள். விழுந்ததும் படித்துறையே கரைந்துபோனது. புடவையெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகத் தீற்றல், தண்ணீர் எங்கே முடிகிறது, கல் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. நீ என் மணிக்கட்டைப் பிடித்து "படி, இன்னொரு படி, இது உடைஞ்சது, காலை அகட்டி வை" என்று ஒவ்வொன்றாகச் சொல்லி மேலே ஏற்றினாய். உன் கைதான் நடுங்கிக்கொண்டிருந்தது. என்னை யாரும் அப்படிப் பத்திரமாகக் கூட்டிப்போனதில்லை அண்ணா.

வீட்டில் அடி வாங்கியது நான். நீ திண்ணையில் சப்பரத்தின் சக்கரத்தைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாய், ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பணம் அதற்காகத்தானா?

சரி, விடு. அடுத்த மாதம் விழித்திரையைப் பார்க்கச் சொட்டு மருந்து விடுவார்கள். நாலைந்து மணி நேரத்துக்கு எல்லாம் மங்கலாக இருக்கும், வெயிலில் கண் கூசும், பஸ்ஸில் தனியாக வர முடியாது. அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வா.