துரு எங்கிருந்து வருகிறது: மாதிரிக் கார் நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதிரி உருக் கண்காட்சிகளை நடத்தும் அமைப்பாளர்களுக்கும், அவற்றின் கார்ப் பிரிவில் மதிப்பெண் இடும் நடுவர்களுக்கும்,

வணக்கம். பதினான்கு ஆண்டுகளாக 1/24 அளவில் பிளாஸ்டிக் கார்களைக் கட்டி வருகிறவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். சென்ற கண்காட்சியில் நான் மேசைமேல் வைத்தது, ஜப்பானிய மாதிரி நிறுவனமான டமியாவின் 1966-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில். கடற்காற்று அடிக்கும் ஒரு தெருவில் பல ஆண்டுகள் ஓடாமல் நின்றுபோன வண்டியாக அதை முடித்திருந்தேன். மதிப்பீட்டுத் தாளில் எனக்குக் கிடைத்தது ஒரே வரி: "பெயின்ட் சீராக இல்லை, பளபளப்புக் குறைவு." அதில் பொய் ஒன்றும் இல்லை. அந்தப் பெயின்ட் சீராக இருந்துவிடக் கூடாது என்பதற்காகவே மூன்று மாதம் உழைத்திருந்தேன். முதற்பரிசு பெற்ற சிவப்பு ஃபெராரி அதற்கு முழுத் தகுதி உடையது. குனிந்து பார்த்தபோது அதன் பானட்டில் என் முகம் தெரிந்தது. அந்த ஃபெராரியையும் என் பீட்டிலையும் ஒரே அளவுகோலால் அளந்தீர்கள் என்பதுதான் என் குறை.

பக்கத்தில் போர் டாங்கி மாதிரிகளை வைக்கும் மேசையில் இந்தச் சிக்கல் தீர்ந்து நெடுநாள் ஆகிறது. பெல்ஜியத்தின் ஃபிரான்சுவா வெர்லிண்டன் போன்றவர்கள் மெல்லிய வாஷையும் (பள்ளங்களில் தங்கும்படி பூசும் நீர்த்த நிறம்) உலர்தூரிகை முறையையும் (ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடுகளில் மட்டும் நிறம் தேய்ப்பது) பரப்பிய பிறகு, அங்கே சேறு படியாத டாங்கியைக் கண்டால்தான் சந்தேகப்படுகிறார்கள். கார் மேசை மட்டும் இன்னும் ஷோரூம் வாசலிலேயே நிற்கிறது.

வெதரிங் செய்த, அதாவது வெயில், மழை, துரு, புழுதி பட்டுப் பழசானது போல நிறம் தீட்டிய காரைப் பார்க்கும்போது ஒவ்வொரு கறைக்கும் காரணத்தைத் தேடுங்கள் என்பதே என் வேண்டுகோள். துரு கண்ட இடத்தில் பூப்பதில்லை. தண்ணீர் தேங்கும் இடத்திலும், மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் மடிப்பிலும், பெயின்ட் அடிபட்ட விளிம்பிலும்தான் அது தொடங்கும். பீட்டிலில், கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் சேனல், அதாவது எஞ்சின் சூட்டை முன்பக்கத்துக்குக் கொண்டுபோகும் பெட்டி வடிவத் தகடு, பெரும்பாலும் முதலில் அரிபடும் இடங்களில் ஒன்று. பின்னிருக்கைக்கு அடியில் வலப்பக்கம் பேட்டரி உட்காரும் தளத்தை அமிலம் தின்னும். மட்கார்டு உடலோடு போல்ட்டால் சேரும் விளிம்பில் புழுதி அடைந்து, மழைக்குப் பிறகும் காயாமல் கிடக்கும். நான் துருவை வைத்தது இந்த இடங்களில்தான். கூரையின் நடுவில் ஒரு பொட்டுத் துருவும் வைக்கவில்லை. அங்கே வெயிலில் வெளுத்து மாவு பூத்த நிறம் மட்டுமே உண்டு. இதே கண்ணோடு பார்த்தால், கூரையிலிருந்து டிக்கி வரை ஒரே சீராக ஆரஞ்சு நிறத்தை அப்பிவிட்டு "பழைய கார்" என்று கொண்டுவருகிறவர்களின் வேலையையும் நீங்கள் எளிதாகப் பிரித்தறியலாம். புதுத் துருதான் ஆரஞ்சாக இருக்கும். ஆண்டுக்கணக்கான துரு கருத்த பழுப்பு.

துருப்பிடிக்கவே இயலாத கார்களிலும் துருவைப் பார்த்திருக்கிறேன். 1953-இல் வந்த முதல் தலைமுறை தொட்டே செவ்ரலே கார்வெட்டின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதன் கதவில் துரு ஒழுகவிட்டால் அதைக் கட்டியவர் காரைப் படிக்கவில்லை என்று பொருள். கிழக்கு ஜெர்மனியின் டிரபாண்டுக்கு மேலுடல் பெரும்பாலும் டியூரோபிளாஸ்ட், அதாவது பருத்திக் கழிவைப் பிசினில் இறுக்கிச் செய்த பலகை. அது விரிசல் விடும், வெளுக்கும், துரு மட்டும் பிடிக்காது. ஆனால் அதற்கு அடியில் இருக்கும் எஃகுச் சட்டம் பிடிக்கும். பழைய லேண்ட் ரோவரின் உடலும் பெரும்பாலும் அலுமினியக் கலவை. துருவைத் தேட வேண்டுமானால் சேசிஸிலும், எஞ்சினுக்கும் ஓட்டுநருக்கும் நடுவில் நிற்கும் எஃகுத் தடுப்பிலும் தேட வேண்டும். இத்தகைய தவறுக்கு மதிப்பெண் குறைத்தால் நான் கைதட்டுவேன். பளபளப்பு இல்லை என்று குறைத்தால்தான் வருந்துவேன்.

அளவுக் கணக்கையும் நீங்கள் கையிலெடுக்க வேண்டும். 1/24-இல் ஒரு மில்லிமீட்டர் பெயின்ட் பெயர்ந்த பொட்டு, உண்மைக் காரில் 24 மில்லிமீட்டர். சாலையில் கல் தெறித்து உண்டாகும் காயம் பொதுவாக அவ்வளவு பெரிதாக இருப்பதில்லை. மூன்று மில்லிமீட்டர் காயத்தை மாதிரியில் காட்ட, ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குக்குப் புள்ளி வைக்க வேண்டும். அரித்து ஓட்டை விழுந்த தகட்டைக் காட்டுவது அதைவிடக் கடினம். கிட்டில், அதாவது நாம் சேர்த்துக் கட்டும் பாகங்கள் அடங்கிய பெட்டியில், வரும் பிளாஸ்டிக் சுவர் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தடிமன். அப்படியே துளையிட்டால், ஓர் அங்குல இரும்பில் செய்த வண்டி போலத் தெரியும். அதற்கு டாங்கி மேசைதான் சரியான இடம். பின்புறமிருந்து தாள் கனத்துக்குத் தேய்த்து மெலிதாக்கிய பிறகே விளிம்பைக் கொத்த வேண்டும். கையில் இருக்கும் லென்ஸைக் கொண்டு நீங்கள் பார்க்க வேண்டியது இதை.

உழைப்பைப் பற்றியும் சிறிது சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் "கவனக்குறைவு" என்ற சொல் நடுவர்கள் பேச்சில் காதில் விழுந்தது. பிரைமர் என்னும் அடிப்பூச்சுக்கு மேல் துரு நிறங்களை ஸ்பாஞ்சால் ஒற்றி, நிறமற்ற லேக்கர் கிளியரால் பூட்டி, அதன்மேல் தலைக்கு அடிக்கும் ஹேர் ஸ்பிரேயை இரண்டு முறை தெளித்து, பிறகு காரின் நிறத்தை அக்ரிலிக்கில் ஏர்பிரஷ் செய்கிறோம். அந்த நிறத்தில் லேக்கர் தின்னர் கலந்துவிட்டால் அது இறுகிப்போய்த் தண்ணீருக்கு எளிதில் இளகாது; தண்ணீரோ அதற்குரிய தின்னரோதான் கலக்க வேண்டும். காய்ந்ததும் ஈரத் தூரிகையால் தொட்டுத் தொட்டு, அடியிலுள்ள ஸ்பிரேயை இளக்கி, மேல் நிறத்தைப் பெயர்க்கிறோம். ஒரு நொடி அதிகம் தேய்த்தால் பட்டை பட்டையாகக் கழன்று போகும், திரும்ப ஒட்டாது. சிலர் சமையலறைக் கல்லுப்பையே நனைத்து ஒட்டி, நிறம் அடித்து, உதிர்த்துவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் சென்னையில் இதைச் செய்கிறவருக்கு லேக்கர் வெண்மேகம் போட்டுப் பனிப்பது தனித் துயரம். அதை இங்கே விரிக்கவில்லை.

துரு மட்டுமே வெதரிங் அன்று. 1971-இலும், இந்திய வம்சாவளியினரான சேகர் மேத்தா ஓட்டிய 1973-இலும் கிழக்கு ஆப்பிரிக்க சஃபாரி ராலியை வென்றது டாட்சன் 240இசட். சிவப்பு உடலும் கறுப்பு பானட்டும் கொண்ட அந்தக் காரை, செம்மண் புழுதி படிந்த நிலையில் கட்டுவதைவிடப் புத்தம் புதிதாகக் கட்டுவது எளிது. சிவப்பின்மேல் செம்புழுதி தெரியாது, கறுப்பின்மேல் பளிச்சென்று தெரியும். வைப்பர் ஓடிய விசிறி வடிவம் மட்டும் கண்ணாடியில் தெளிவாக நிற்க வேண்டும். சக்கரத்துக்குப் பின்னால் சேறு எந்தக் கோணத்தில் வீசப்பட்டதோ அந்தக் கோணத்தில் படிய வேண்டும். இவ்வளவையும் யோசித்துச் செய்தவரிடம் போய் "துடைத்துவிட்டு வைத்திருக்கலாமே" என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்?

எங்கள் பக்கத்துக் குற்றத்தையும் ஒப்புக்கொள்கிறேன். கிட்டின் இணைப்புக் கோட்டைத் தேய்க்கச் சோம்பிச் சேற்றால் மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானே முதல் சில ஆண்டுகளில், கண்ணாடியில் பசை ஆவி படிந்து வெளுத்ததைத் தூசி என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது. நான்கு சக்கரமும் தரையைத் தொடுகின்றனவா, கதவுக் கோடுகள் ஒரே ஆழத்தில் ஓடுகின்றனவா, துருவுக்கு அடியில் உள்ள வேலை நேர்த்தியா என்று பாருங்கள். அந்தச் சோதனை பளபளப்பாகக் கட்டுகிறவருக்கும் வெதரிங் செய்கிறவருக்கும் பொது. பூச்சுக்கான மதிப்பெண் மட்டும் பிரியட்டும்: பளபளக்கும் காருக்கு ஆழமும் சீர்மையும், வெதரிங் காருக்குக் காரணமும் அளவும். தனிப் பிரிவுக்கு மேசை இல்லை என்றால் தனித் தாளாவது போதும். கட்டியவர் ஓர் உண்மை வண்டியின் படத்தையும் அது எங்கே, எவ்வளவு காலம் நின்றது என்ற நான்கு வரியையும் உடன் வைக்க வேண்டும் என்று விதியுங்கள். கற்பனை வண்டியானால் அதன் கதையை எழுதட்டும்.

கடைசியாக, சிறிய ஆனால் அவசரமான ஒன்று. புழுதியைக் காட்டப் பிக்மென்ட் தூள், அதாவது உலர்ந்த நிறத்தூள், பூசிய காரை விரலால் தொடாதீர்கள். வார்னிஷால் முற்றிலும் பூட்டினால் புழுதி நனைந்தது போலக் கருத்துவிடும் என்பதால் நாங்கள் அதை அரைகுறையாகவே ஒட்டுகிறோம். சென்ற முறை என் பீட்டிலின் வலப்பக்க ஃபுட்போர்டில் ஒரு விரல் ரேகை மிகத் தெளிவாகப் பதிந்திருந்தது. 24 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கை உடையவர் எந்தத் தெருவிலும் இல்லை. அந்த இடத்தை மீண்டும் பூசி முடித்துவிட்டேன். அடுத்த கண்காட்சிக்கு அதே காரைப் படத்தோடு கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாதிரிக் கார் கட்டும் ஒருவன்,
சென்னை.