பத்துச் சொல்லும் ஒரே சொல் அல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு பதிப்பின் மாணவர் பக்கத்தில் சென்ற வாரம் ‘மிஸ்டேக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நிகரான சொற்கள் என்று ஒரு கட்டம் போட்டிருந்தீர்கள். எர்ரர், பிளண்டர், ஸ்லிப், லாப்ஸ், ஃபால்ட், ஓவர்சைட், ஒஃபென்ஸ் என்று நீண்ட வரிசை. எதிரே எல்லாவற்றுக்கும் பொதுவாகத் ‘தவறு, பிழை, தப்பு’. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. இவற்றை மனப்பாடம் செய்து கட்டுரையில் மாற்றி மாற்றிப் போடுங்கள், புள்ளி கூடும் என்று ஓர் அறிவுரையும் இருந்தது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பட்டர்வொர்த்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு ஆங்கில டியூஷன் எடுக்கிறேன். உங்கள் கட்டத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டியிருந்த ஒரு மாணவி, பென்சில் பெட்டியைப் பள்ளியில் மறந்துவிட்டு வந்ததை ‘டெரிபல் பிளண்டர்’ என்று எழுதியிருந்தாள். பிளண்டர் என்றால் யோசிக்காமல் செய்து, பிறகு தலையில் அடித்துக்கொள்கிற பெரிய தவறு. சதுரங்கம் ஆடுகிறவர்களைக் கேளுங்கள், ராணியைச் சும்மா தூக்கிக் கொடுப்பது போன்ற தவறுக்குத்தான் அந்தப் பெயர் சொல்வார்கள். பென்சில் பெட்டிக்கு அது ரொம்ப அதிகம்.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், இரண்டுக்கும் நடுவில் ஆங்கிலம். தமிழில் தவறு ‘செய்கிறோம்’. மலாயிலும் ‘புவாட் சிலாப்’ என்கிறோம். அதனால் ‘டூ எ மிஸ்டேக்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் மிஸ்டேக்கோடு ‘மேக்’ சேரும், ‘டூ’ சேராது. எர்ரருக்கு மேக்கும் வரும், கொஞ்சம் விறைப்பான நடையில் கமிட்டும் வரும். மலாயில் ‘சாலா’ என்பது கணக்கில் விடை தப்பானாலும் வரும், சட்டத்தை மீறினாலும் வரும். போக்குவரத்துச் சம்மனில் அதே சொல்லிலிருந்து வந்த ‘கெசாலாஹான்’ (குற்றம்) என்று இருப்பதைப் பார்த்த ஒரு பையன், சிவப்பு விளக்கைத் தாண்டிய அப்பாவைப் பற்றி ‘ஹி டிட் எ டிராஃபிக் மிஸ்டேக்’ என்று எழுதினான். அங்கே வரவேண்டியது ஒஃபென்ஸ். இப்போது உங்கள் கட்டத்தைப் பார்த்துவிட்டு, கூட்டல் கணக்குத் தப்பியதை ஒஃபென்ஸ் என்று எழுதுகிறான். அவனைக் குறை சொல்ல முடியாது. இரண்டும் ஒன்று என்று அச்சில் போட்டது நீங்கள்.

சரி, பெரியவர்கள் மட்டும் ஒழுங்கா? ‘தப்பா எடுத்துக்காதீங்க’ என்பதை அப்படியே தூக்கி ‘டோன்ட் மிஸ்டேக் மீ’ என்று சொல்லாத தமிழர் பினாங்கில் யார்? மிஸ்டேக் வினைச்சொல்லாக வரும்போது பெரும்பாலும் ஒன்றை இன்னொன்றாக எண்ணிவிடுவதைக் குறிக்கும். அக்காவைத் தங்கை என்று நினைத்துப் பேசிவிட்டால் அந்தச் சொல் வரும். நாம் நினைக்கிற பொருளுக்கு ‘டோன்ட் கெட் மீ ராங்’ என்றுதான் சொல்வார்கள்.

இந்தச் சொற்களைப் பிரித்துக் காட்டுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன், மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பது பற்றி 1990-இல் வெளியிட்ட நூலில் ஸ்லிப், லாப்ஸ், மிஸ்டேக் மூன்றையும் தனித்தனியாக வைத்தார். விமானத் துறையிலும் மருத்துவமனைகளிலும் விபத்தை ஆராய்கிறவர்கள் இன்றும் அதை எடுத்தாள்கிறார்கள். வகுப்பில் நான் அதை பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஓடும் நம் ஃபெர்ரியை வைத்துச் சொல்வேன். ஜார்ஜ்டவுன் போக ஜெட்டிக்கு வருகிறீர்கள். கட்டண வாசலில் டச் அண்ட் கோ அட்டைக்குப் பதிலாக ஆபீஸ் கதவு அட்டையைத் தட்டிவிட்டு அது ஏன் திறக்கவில்லை என்று முறைத்துக்கொண்டு நின்றால் அது ஸ்லிப். எண்ணம் சரி, கைதான் தவறியது. அட்டையை வீட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தால் லாப்ஸ். காரை ஃபெர்ரியில் ஏற்றலாம் என்று நம்பி ஜெட்டிவரை ஓட்டி வந்தால் அது மிஸ்டேக். 2021 ஜனவரியிலிருந்து ஃபெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. கை சரியாகத்தான் ஓட்டியது, திட்டமே தப்பு. மூன்றிலும் ஃபெர்ரியை விட்டுவிடுவோம் என்பது உண்மைதான், ஆனால் திருத்துகிற வழி ஒன்றல்ல. மூன்றாமவருக்கு ‘கவனமாக இரு’ என்று எத்தனை முறை சொன்னாலும் பயனில்லை.

அதே மிஸ்டேக் மொழி கற்பிக்கிறவர்களிடம் வரும்போது வேறு வேஷம் போடும். 1967-இல் எழுதிய ஒரு கட்டுரையில் பிட் கோர்டர் என்ற மொழியியலாளர், விதி தெரிந்தும் களைப்பிலோ அவசரத்திலோ தவறுவதை மிஸ்டேக் என்றும், விதியே இன்னும் பிடிபடாததால் வருவதை எர்ரர் என்றும் பிரித்தார். முன்னதை மாணவரே திருத்திக்கொள்வார், பின்னதைத்தான் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். ரீசனிடம் அறிவுக் குறையாக இருந்த சொல் இவரிடம் வெறும் கவனக்குறைவு! வழக்கறிஞரிடம் போனால் மூன்றாவது வேஷம். நம் மலேசிய நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆவது பிரிவு, மிஸ்டேக்கால் தன்னிடம் வந்த பணத்தைப் பெற்றவர் திருப்பித் தர வேண்டும் என்கிறது. கைப்பேசியில் ஓர் எண் மாறித் தட்டி யாரோ ஒருவர் கணக்குக்குப் பணம் அனுப்பிவிடுகிறவர்களுக்கு உதவுகிற பிரிவு அது. அங்கே போய் பிளண்டர் என்று மாற்றிப் போட முடியுமா?

கட்டத்தில் இருந்ததிலேயே ஆபத்தானது ஓவர்சைட். கவனிக்காமல் விட்டுவிடுவதும் அதுதான், மேலிருந்து கண்காணிப்பதும் அதுதான். நாடாளுமன்றச் செய்தியில் வரும் ஓவர்சைட் கமிட்டியை ‘தவறுக் குழு’ என்று ஒரு மாணவன் மொழிபெயர்த்தால் உங்கள் கட்டத்தின்படி அது சரி. (சில கமிட்டிகளைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் வருவதுண்டு.) ஃபால்டும் அப்படித்தான். யார் மேல் பழி என்று கேட்கும்போது ஃபால்ட், அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதானாலும் ஃபால்ட், பூமிக்கடியில் பாறை பிளந்து நகர்ந்த இடமும் ஃபால்ட்.

கடைசியாகத் தமிழ்ப் பக்கம். தவறு, பிழை, தப்பு மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டியதும் எனக்கு உறுத்தியது. எழுத்துப்பிழை உண்டு, எழுத்துத்தப்பு கிடையாது. ‘வாய் தவறிச் சொல்லிட்டேன்’ என்போம், ‘வாய் பிழைத்து’ என்று சொல்ல மாட்டோம். வாய் தவறியதை ஆங்கிலத்திலும் ‘ஸ்லிப் ஆஃப் தி டங்’ என்று சிரித்து விட்டுவிடுவார்கள். ஆனால் வள்ளுவர் ‘சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு’ என்று சொன்னது சிரித்து விடுகிற சங்கதி இல்லை, நாவைக் காக்காதவர் தன் சொல்லாலேயே துன்பப்படுவதை. இரண்டையும் நிகர் என்று ஒட்டினால் குறளும் கெடும், ஆங்கிலமும் கெடும்.

ஆகவே என் வேண்டுகோள் இதுதான். பட்டியலை நிறுத்திவிட்டு வாரம் ஒரே ஒரு சொல் போடுங்கள். எந்த வினையோடு சேரும், எங்கே சேராது என்று இரண்டு மூன்று வாக்கியம் போதும். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கட்டுரையில் சொல்லைச் சரியான இடத்தில் போட்டால்தான் பலன், அரிய சொல்லாகத் தேடி எடுப்பதால் மட்டும் ஒன்றும் கிடைக்காது. அடுத்த வாரம் ஓவர்சைட்டில் தொடங்கலாம். இடம் போதாது என்றால் ராசிபலனில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். எனக்கு விருச்சிகம், அதில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு.