ஓஎஸ் போடுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை கேளுங்கள்

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு வணக்கம்.

நான் எங்கள் ஊர் மகளிர் சுய உதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். குழுவில் 14 பேர். சேமிப்பு, உள்கடன், வட்டி எல்லாவற்றையும் வீட்டில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரில் எக்செல்லில் போட்டு வைத்திருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு காலை அது கிளம்ப மறுத்தது. ஃபேன் சுற்றியது, விளக்கு எரிந்தது. நீலத் திரை ஒன்று வந்து போனது, ‘ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று காட்டியது, ரீஸ்டார்ட் ஆனது, மறுபடியும் அதே.

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். “ஓஎஸ் போயிடுச்சுக்கா. புதுசா போட்டுடலாம், சாயங்காலம் வாங்க” என்றார் தம்பி. ஓஎஸ் என்றால் கம்ப்யூட்டரை ஓட்டும் விண்டோஸ். “உள்ளே குழுக் கணக்கு இருக்கேப்பா” என்றேன். “டி டிரைவ்ல இருக்கிறதுக்கு ஒண்ணும் ஆகாதுக்கா” என்றார். 500 ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன். வீட்டில் ஆன் செய்தால் திரை துடைத்து விட்ட மாதிரி இருந்தது. நான் எல்லாவற்றையும் டெஸ்க்டாப்பில்தான் வைத்திருந்தேன். டெஸ்க்டாப் என்பதே, ஓஎஸ் போடும்போது அழித்துவிடும் சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு ஃபோல்டர் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பாஸ்புக்கையும் தீர்மான நோட்டையும் வைத்துக்கொண்டு ஒன்பது ராத்திரி உட்கார்ந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். ஒரு அக்கா கட்டிய இரண்டு தவணை எந்த நோட்டிலும் இல்லை. அவர் கட்டியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, எழுத்தில் காட்டத்தான் முடியவில்லை. அந்த மாதக் கூட்டத்தில் அவர் பேசவே இல்லை, பாயின் ஓரத்தைக் கிள்ளிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அந்த அக்காவுக்காகத்தான்.

அப்புறம் போன வருடம் மறுபடியும் மக்கர். இந்தத் தடவை டிஸ்ப்ளேயே வரவில்லை, பீப் சத்தம் மட்டும். வேறொரு கடைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் முதலில் கேட்டது, “உள்ளே என்னம்மா வெச்சிருக்கே?” அப்புறம்தான் மூடியைக் கழற்றினார். பவர் வயரை உருவிவிட்டு ஆன் பட்டனைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தார். ரேமை, அதாவது நினைவகப் பலகையை, எடுத்து அதன் தங்க நிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்தார். ரப்பர் தூளைத் துடைத்துவிட்டு, இரண்டு பக்கமும் ‘டக்’ என்று பிடிக்கும்வரை அழுத்தினார். டிஸ்ப்ளே வந்துவிட்டது.

திரையின் மூலையில் தேதி தப்பாக இருந்ததையும் அவர்தான் கவனித்தார். முதல் தடவை கெட்டுப்போவதற்கு முன்னாலிருந்தே அது அப்படித்தான். போர்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்திருக்கிறது என்றார். சிஆர்2032 என்பார்களே, 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம், 3 வோல்ட். அது தீர்ந்துபோனால் பயாஸ் (விண்டோஸுக்கு முன்னால் ஓடி மெஷினைக் கிளப்பும் சின்ன நிரல்) செட்டிங் பழைய நிலைக்குப் போய்விடும். டிஸ்க்கோடு மெஷின் பேசும் முறைகளில் ஒன்றான ஏஹெச்சிஐ-யில் ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருந்து, அந்த செட்டிங் வேறு முறைக்கு மாறிவிட்டால், நல்லபடியாக இருக்கும் விண்டோஸ்கூட டிஸ்க்கை அணுக முடியவில்லை என்று நீலத் திரை காட்டும். “அப்பவும் இதுவாத்தான் இருந்திருக்கும்போல” என்றார். ஐம்பது ரூபாய் பேட்டரி. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

உங்கள் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஒரு நாளைக்குப் பத்து மெஷின் வரும். காரணத்தைத் தேடினால் அரை நாள் போகும், ஓஎஸ் போட்டால் ஒரு மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் இந்தப் பழக்கம் பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தில் வந்தது. அதில் தெரியாமல் ஃபார்மேட் செய்துவிட்டாலும், மேலே புதிதாக எதுவும் எழுதப்படாதவரை ரெக்கவரி சாஃப்ட்வேர் கொஞ்சமாவது மீட்டுக் கொடுக்கும். இப்போது நிறைய வீடுகளில் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத சிப் டிஸ்க், வந்துவிட்டது. அதை ஃபார்மேட் செய்ததும் ‘இந்த இடமெல்லாம் இனி தேவையில்லை, காலி செய்துகொள்’ என்று சொல்லும் ‘ட்ரிம்’ கட்டளையை விண்டோஸ் அனுப்பிவிடும், பழைய ஃபைல்கள் அநேகமாகப் போனது போனதுதான். கை பழைய பழக்கத்திலேயே போகிறது, உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது.

பூட்டும் மாறிவிட்டது. விண்டோஸ் 11 போட்ட புது லேப்டாப் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போனாலே டிஸ்க் தானாக என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிக்கொள்கிறது. வாங்கினவருக்கே அது தெரியாது. நீங்கள் பயாஸில் எதையாவது மாற்றினாலோ போர்டை மாற்றினாலோ 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கும். அந்த எண் பெரும்பாலும் அவருடைய மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே இருக்கும். கை வைப்பதற்கு முன்னால் அவரையே போனில் திறந்து பார்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

2024 ஜூலை 19ஆம் தேதி உங்களுக்கு மறந்திருக்காது. கம்ப்யூட்டர் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன வைத்தியம் தேவையானதை மட்டும் வைத்து விண்டோஸைக் கிளப்பும் சேஃப் மோடில் போய் ஒரு ஃபைலை அழிப்பது, அவ்வளவுதான். அத்தனை பெரிய ஆபீஸ்களுக்குக் கிடைத்த அந்தப் பொறுமை எங்கள் வீட்டு மெஷினுக்கும் கிடைக்க வேண்டும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசி அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர் என்று அந்த நீல மெனுவிலேயே வழி இருப்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எதுவும் சரிவரவில்லையா, தாராளமாக ஓஎஸ் போடுங்கள். அதற்கு முன்னால், பென் டிரைவிலிருந்தே ஓடும் உபுண்டு என்ற இன்னொரு ஓஎஸ்ஸில் மெஷினைக் கிளப்பி, ‘யூசர்ஸ்’ ஃபோல்டரை அப்படியே வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துவிடுங்கள். ஹார்ட் டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டால், டிஸ்க்கைச் சோதித்துச் சரிசெய்யப் பார்க்கும் செக்டிஸ்க்கை ஓட்டாதீர்கள், சாகக் கிடக்கும் டிஸ்க்கை அது இன்னும் பாடுபடுத்தும். காப்பி எடுக்க 300 ரூபாய் கூடக் கேளுங்கள், கொடுக்கிறோம். எங்கள் குழுவில் ஒருத்தர்கூட மாட்டேன் என்று சொல்ல மாட்டார்.

விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 11 போட்டுக் கொடுங்கள் என்று உங்கள் கடைக்கு இன்னும் நிறைய பேர் வருவார்கள். பெயர், போன் நம்பர் எழுதும் ரசீதில் இரண்டு வரி சேர்த்து அச்சடியுங்கள்: ‘டெஸ்க்டாப்பில் என்ன வைத்திருக்கிறீர்கள்?’, ‘காப்பி எடுத்தாயிற்றா?’ இரண்டாவது வரிக்கு நேரே வாடிக்கையாளர் கையெழுத்து விழுந்த பிறகு மெஷினைத் திறங்கள்.

இப்படிக்கு,
திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு மகளிர் குழுக் கணக்காளர்