வெள்ளைக் கோட்டு போட்ட தையல்காரர்கள்

சுங்கை சிப்புட், மலேசியா

அன்புள்ள சரோஜா,

உன் கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. இங்கே எல்லோரும் நலம். மழைதான் விட்டபாடில்லை. அவருக்கு முழங்கால் வலி பரவாயில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு விழித்திருந்து என்னடி செய்கிறாய் என்று கேட்டிருந்தாயே. பாரிஸ் ஃபேஷன் ஷோ பார்க்கிறேன். செப்டம்பர் கடைசியில் அங்கே இரவு எட்டு மணிக்கு ஷோ என்றால் நமக்கு மறுநாள் விடிகாலை இரண்டு. பேத்தி ஒருநாள் யூடியூபில் போட்டுக் காட்டினாள், அதிலிருந்து விடவில்லை. ஷோ பத்துப் பதினைந்து நிமிடம்தான். நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதால் எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. தோள்பட்டை எப்படி உட்கார்ந்திருக்கிறது, விளிம்பை எப்படி மடித்திருக்கிறார்கள் என்றுதான் கண் போகிறது.

தோட்டத்து லய வீட்டில் இருந்தபோது, கணக்கு எழுதும் கிராணி வீட்டு அக்கா நமக்குத் தையல் சொல்லிக்கொடுத்தது நினைவிருக்கிறதா? "துணியைச் சாய்த்துப் போட்டு வெட்டுங்கடி, அப்போதுதான் உடம்போடு இழையும்" என்பார். நம் கிராஸ் கட் ரவிக்கை! போன வாரம் ஒரு சாட்டின் கவுன் மேடையில் வந்தது. துணி காலைச் சுற்றி வழிந்து விழுந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது, கிராஸ்தான். அப்புறம் தேடிப் படித்தேன். மதலீன் வியொன்னே என்ற பிரெஞ்சுக்கார அம்மா 1920களிலேயே முழு கவுனையும் இப்படி வெட்டிப் பேர் வாங்கியவராம். முதலில் ஒரு சின்ன மரப்பொம்மைக்குத் துணியைச் சுற்றிப் பார்ப்பாராம். நாம் மிச்சத் துணியில் பொம்மைக்குப் பாவாடை தைத்தது ஞாபகம் வந்தது.

சரோ, ஒன்று மட்டும் மனசை அறுக்கிறது. 2025 ஜூனில் மிலானில் பிராடா என்ற இத்தாலியக் கம்பெனியின் ஷோவில் ஆண்கள் மகாராஷ்டிரத்துக் கோலாப்பூர் செருப்பு மாதிரியே அச்சு அசலாகப் போட்டு வந்தார்கள். அது எந்த ஊர்ச் செருப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. இந்தியாவில் சத்தம் கிளம்பிய பிறகுதான், அங்கிருந்துதான் எடுத்தோம் என்று ஒப்புக்கொண்டார்கள். அன்று எனக்குத் தூக்கமே இல்லை. நான் கண் எரிய எரியக் கல் வைத்துத் தைத்துக் கொடுத்த ரவிக்கைகளைப் பட்டணத்துக் கடை ஒன்று தன் பெயர்ச் சீட்டு ஒட்டி விற்றதே, அந்த வலி திரும்பி வந்தது.

ஆனால் 2023 மார்ச்சில் டியோர் என்ற பிரெஞ்சுக் கம்பெனி தன் ஷோவையே மும்பைக்குக் கொண்டுபோய், கேட்வே ஆஃப் இந்தியாவுக்குப் பெரிய தோரணம் கட்டி நடத்தியது. பூவேலை செய்தது அந்த ஊர்ச் சாணக்யா கூடம் என்று பெயர் சொன்னார்கள். பெண்களுக்குக் கைவேலை சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் அவர்கள் நடத்துகிறார்கள்.

நீ கட்டாயம் பார்க்க வேண்டியது வேறொன்று. 2019 ஜூலையில் பாரிசில் நடந்த வேலண்டினோ கம்பெனியின் கூச்சூர் ஷோ, அதாவது கையால் தைத்த உயர்தர உடைகளின் ஷோ. முடிவில் டிசைனர் பியெர்பாவ்லோ பிச்சோலி தனியாக வரவில்லை. தைத்தவர்களை வெள்ளைக் கோட்டோடு தன்னுடன் மேடைக்குக் கூட்டி வந்தார். நம் வயசுப் பெண்களும் இருக்கிறார்கள். கூட்டம் எழுந்து கைதட்டுகிறது. நான் வீட்டில் தனியாக உட்கார்ந்து அழுதேன். நமக்குத் தையல் சொல்லிக்கொடுத்த அந்த அக்கா இருந்திருந்தால் கையைப் பிடித்து உட்காரவைத்துக் காட்டியிருப்பேன்.

சரி, கல்யாண ரவிக்கையை நான்தான் தைப்பேன், வேறு யாரிடமும் கொடுத்துவிடாதே. அளவு ரவிக்கையையும் பட்டுத் துணியையும் இந்த மாதமே அனுப்பு. உள்பக்கம் கழுத்துப் பட்டியில் என் பெயரைச் சின்னதாக நூலில் தைக்கப்போகிறேன், அவளிடம் சொல்லிவை.

அன்புடன்,
விஜயா