சைப்ரஸ் பிரிவினை: ஐரோப்பிய ஒன்றியத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஐரோப்பிய ஒன்றிய உறுப்பு நாடுகளின் தலைவர்களுக்கு வணக்கம்.

2004 ஏப்ரல் 24 அன்று சைப்ரஸ் தீவின் இரு பகுதிகளிலும் நடந்த வாக்கெடுப்பில், அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் முன்வைத்த, தீவை மீண்டும் ஒன்றிணைக்கும் திட்டத்தை வடக்கிலுள்ள துருக்கிய சைப்ரஸ் மக்களில் சுமார் 65 விழுக்காட்டினர் ஏற்றனர். தெற்கிலுள்ள கிரேக்க சைப்ரஸ் மக்களில் ஏறத்தாழ 76 விழுக்காட்டினர் நிராகரித்தனர். ஒரே வாரத்தில், மே 1 அன்று, நிராகரித்த தரப்பின் அரசு உங்கள் ஒன்றியத்தில் உறுப்பினராயிற்று. சட்டப்படி தீவு முழுவதும் ஒன்றியத்தின் பகுதியே. ஆனால் சேர்க்கை உடன்படிக்கையின் 10ஆம் நெறிமுறையின்படி, வடக்கில் ஒன்றியச் சட்டங்கள் இன்றும் நிறுத்திவைக்கப்பட்டுள்ளன.

தெற்கு மக்களை நான் குறைசொல்லவில்லை. தீவைப் பிளந்த 1974 துருக்கிப் படையெடுப்பில் வடக்கில் வீடு வாசல் இழந்து ஓடிவந்தவர்கள், துருக்கிப் படையின் ஒரு பகுதியும் துருக்கியின் தலையீட்டு உரிமையும் நீடிக்கும் ஒரு தீர்வுக்கு எப்படித் தலையசைப்பார்கள்? தீர்வு காண்பது சேர்க்கைக்கு முன்நிபந்தனையல்ல என்று 1999இல் ஹெல்சிங்கியில் அறிவித்து, கையிலிருந்த பிடியை நீங்களே விட்டுவிட்டீர்கள் என்பதுதான் என் குறை. (எங்கோ இருக்கும் இந்தியனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். அங்கே ஐ.நா. அமைதிப் படைக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் திம்மையா, 1965இல் அந்தத் தீவிலேயே உயிர்நீத்தார்.)

துருக்கி மட்டுமே தனி நாடாக ஏற்றுள்ள வடக்கின் தனிமையைப் போக்குவோம் என்று வாக்கெடுப்பு முடிந்த இரண்டாம் நாளே உறுதியளித்தீர்கள். அதற்கென, வடக்கு ஒன்றியத்துடன் நேரடியாக வணிகம் செய்ய வழிவிடுவதாக 2004 ஜூலையில் முன்மொழியப்பட்ட நேரடி வணிக விதிமுறை இன்றுவரை நிறைவேறவில்லை. ஹலூமி பாலாடைக்கட்டியையே பாருங்கள்: 2021இல் ஹலூமி என்ற கிரேக்கப் பெயரையும் ஹெல்லிம் என்ற துருக்கிப் பெயரையும் சேர்த்தே புவிசார் பாதுகாப்பு அளித்தீர்கள். தீவு முழுவதற்கும் பொதுவான பதிவு அது. ஆனால் வடக்கில் செய்த கட்டி, இரு பகுதிகளையும் பிரிக்கும் பசுமைக்கோட்டைத் தாண்டித் தெற்கே வரவேண்டுமானால் கால்நடை நலம், தரச் சோதனை என்று அடுக்கடுக்கான நிபந்தனைகள். உணவுப் பாதுகாப்பு தேவைதான். அந்நிபந்தனைகளை நிறைவேற்றும் வசதியை வடக்கின் பால் பண்ணைகளுக்கு உருவாக்கித் தருவதும் உங்கள் பொறுப்பே.

துருக்கி தன் துறைமுகங்களைச் சைப்ரஸ் கப்பல்களுக்குத் திறக்க மறுப்பது தவறு. அதையும் விடாமல் கேளுங்கள்.

2025 அக்டோபரில் வடக்கு மக்கள் கூட்டாட்சித் தீர்வை ஆதரிக்கும் துஃபான் எர்ஹுர்மானைத் தங்கள் தலைவராகப் பெருவாரியாகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இவ்வேளையில் நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. சைப்ரஸ் குடியரசின் அரசியலமைப்பில் 1960 முதலே ஆட்சிமொழியாக உள்ள, 2016இல் அந்நாட்டு அதிபரே உங்களிடம் கோரிய துருக்கி மொழியை ஒன்றியத்தின் அலுவல் மொழியாக்குங்கள். கிடப்பிலுள்ள நேரடி வணிக விதிமுறையை, அடுத்த சுற்றுப் பேச்சுவார்த்தை முடியும்வரை காத்திராமல், இப்போதே விவாதத்துக்கு எடுங்கள்.